அரை மணி நேரச் சுற்று: பெண்களுக்கு மட்டுமான சர்க்யூட் ஜிம் உங்களுக்கு ஒத்துவருமா?

வாசகியர் கேள்விகளுக்கு உடற்பயிற்சி, பிசியோதெரபி நிபுணர் குழுவின் பதில்கள்

எங்கள் தெருமுனையில் 'பெண்களுக்கு மட்டும், 30 நிமிடம் போதும்' என்று போர்டு வைத்து ஒரு சர்க்யூட் ஜிம் திறந்திருக்கிறார்கள். எனக்கு 42 வயது. பள்ளி ஆசிரியை. இதுவரை ஜிம் வாசலை மிதித்ததில்லை. அங்கே என்னதான் நடக்கும்? எனக்குச் சரிப்படுமா?
– வாசகி, திருச்சி

உள்ளே போனால் மெஷின்களை வட்டமாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் அடுத்ததாக ஒரு சதுரப் பலகை இருக்கும். மெஷினில் 30 விநாடி தசைக்கு வேலை, அடுத்து பலகையில் 30 விநாடி நின்ற இடத்திலேயே நடை. பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் 'அடுத்ததுக்கு மாறுங்கள்' என்று குரல் வந்ததும் எல்லோரும் ஒரு இடம் நகர்வார்கள். எந்த மெஷின் காலியோ அதில் நுழைந்துகொள்ளலாம் என்பதால், வகுப்பு தொடங்கிவிட்டதே என்ற பதற்றம் இல்லை. 12 மெஷின், 12 பலகை என்றால் ஒரு சுற்றுக்கு 12 நிமிடம். இரண்டு சுற்று 24 நிமிடம். கடைசியில் 5 நிமிடம் தசைகளை நீட்டித் தளர்த்துவது. போர்டில் போட்டிருக்கும் 30 நிமிடம் இந்தக் கணக்குதான்.

இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஹார்லிஞ்சன் ஊரில் தொடங்கிய 'கர்வ்ஸ்' நிறுவனம். ஆண்கள் இல்லை, மேக்கப் இல்லை, கண்ணாடி இல்லை என்பது அவர்கள் சொல்லிவந்த மூன்று 'இல்லை'கள். 2005-ல் ஜப்பானுக்குப் போனபோது ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்கள் அதைத் தங்கள் இடமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இன்று நம் ஊர்களில் வேறு வேறு பெயர்களில் நடப்பவற்றில் பலவும் இதே அச்சில் வார்த்தவைதான்.

உங்களுக்குச் சரிப்படுமா என்றால், பெரும்பாலும் ஆம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாதவர், ஆண்கள் நடுவில் பயிற்சி செய்யக் கூச்சப்படுபவர், ஒரு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கவே முடியாதவர் ஆகிய மூவருக்கும் இதைவிடச் சுலபமான வாசல் இல்லை. அடுத்து என்ன என்று யோசிக்க வேண்டியதே இல்லை, குரல் சொல்லும், நீங்கள் நகர்வீர்கள். வாரம் 3 நாள் போனால் தசைப் பயிற்சிக் கணக்கு நேராகிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி, அதோடு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு. ஜிம்மில் கிடைப்பது 90 நிமிடம். மீதி 60 நிமிடத்தை மற்ற நாட்களில் வேகமாக நடந்து ஈடுகட்டுங்கள்.

ஒத்துவராதவர்களும் உண்டு. ஏற்கெனவே பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி), டம்பெல் (ஒரு கையில் பிடிக்கும் எடை) தூக்கிப் பழகியவர், ஓட்டப்பந்தயத்துக்கோ விளையாட்டுக்கோ தயாராகிறவர், தன் வேகத்தில் தனியாகச் செய்யப் பிடித்தவர் ஆகியோருக்கு இந்த வட்டம் இரண்டே மாதத்தில் சலித்துவிடும்.

ஒரு நாள் இலவசமாகச் செய்து பார்க்கலாம் என்கிறார்கள். அந்த ஒரு நாளில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, ஈரோடு

நீங்கள் பிறகு தினமும் போகப்போகிற அதே நேரத்தில் போங்கள். மாலை 6 மணிக்குப் போகப்போகிறவர் காலை 11 மணிக்குப் போய்ப் பார்த்தால் காலி மெஷினும் சிரித்த முகமும்தான் தெரியும்.

முதலில் பயிற்சியாளரைப் பாருங்கள். மெஷின்களைப் பிறகு பார்க்கலாம். கண்ணாடி இல்லாத இடத்தில் அவர் கண்தான் உங்களுக்குக் கண்ணாடி. வட்டத்துக்குள் நடந்துகொண்டே இருக்கிறாரா, மேஜையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறாரா? ஒருவர் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு இழுக்கிறார் என்றால், பக்கத்தில் போய்த் திருத்துகிறாரா? 'வழிகாட்டலுடன்' என்று விளம்பரம் செய்துவிட்டு, வழிகாட்டலை ஒலிபெருக்கிக்கு விட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் பணம் கொடுப்பது பாட்டுக்கும் ஏ.சி.க்கும்தான். ஒருவர் 10 பேருக்குள் பார்த்துக்கொண்டால் நல்லது. 20 பேருக்கு ஒருவர் என்றால் புதியவர் மேல் கண் விழாது.

இரண்டாவது, உங்களை மெஷினில் உட்காரவைக்கும் முன் என்ன கேட்கிறார்கள்? பி.பி., சர்க்கரை, மூட்டுவலி, அறுவை சிகிச்சை, கர்ப்பம், சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். எடை மெஷினில் மட்டும் ஏற்றிவிட்டு பேக்கேஜ் பேச ஆரம்பித்தால், அந்த இடம் உங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கவில்லை.

மூன்றாவது, மெஷின். நிறைய மெஷின்கள் உயரமானவர்களை மனதில் வைத்துச் செய்தவை. ஐந்தடிக்குக் கீழ் உள்ளவர் உட்கார்ந்தால் கால் தரையில் படாது, முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விழும். அப்படியே செய்தால் இடுப்பு வளைந்து மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். முதுகுக்குத் திண்டு, காலுக்குக் கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கைப்பிடியை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிப்பே இல்லாமல் 'தொளக்' என்று நழுவி, பிறகு பிடித்தால் சிலிண்டரில் எண்ணெய் குறைந்திருக்கிறது அல்லது காற்று புகுந்திருக்கிறது. வலப்பக்கம் கனமாகவும் இடப்பக்கம் லேசாகவும் இருந்தாலும் அதே கோளாறுதான். சிலிண்டர் தண்டில் எண்ணெய்ப் பிசுக்கோ, கீழே தரையில் சொட்டோ தெரியும். ஒன்றிரண்டு மெஷினில் இருந்தால் பராமரிப்பில் கவனக்குறைவு. பாதி மெஷினில் இருந்தால் அந்த ஜிம் வேண்டாம்.

நான்காவது, உடை மாற்றும் அறை. தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும். கேமரா எங்கெங்கே இருக்கிறது, பதிவை யார் பார்ப்பார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம். ஏ.சி. டெக்னீஷியன், டெலிவரி பையன் போன்ற ஆண்கள் பயிற்சி நேரத்தில் உள்ளே வருவார்களா என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக, முடிந்ததும் உங்கள் உடம்பைக் கேளுங்கள். பலகையில் நடக்கும்போது ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு இதுதான் நம்பகமான அளவுகோல். முதல் நாளே மூச்சு வாங்கி, தலை சுற்றி, அடுத்த நாள் மாடிப்படி இறங்க முடியாமல் போனால் அன்று தேவைக்கு மேல் உங்களை ஓட்டியிருக்கிறார்கள்.

வயது 31. எட்டு மாதமாக சர்க்யூட் ஜிம் போகிறேன். ஆரம்பத்தில் நல்ல மாற்றம் தெரிந்தது. இப்போது எதுவும் கஷ்டமாகவே இல்லை, வலுவும் கூடுவதாகத் தெரியவில்லை. இன்னும் தொடர்வதில் அர்த்தம் உண்டா?
– வாசகி, கோவை

உங்கள் கேள்விக்கான விடை மெஷினுக்குள் இருக்கிறது. இந்த ஜிம்களில் பெரும்பாலும் ஹைட்ராலிக் மெஷின்கள்தான். ஸ்கூட்டர் ஷாக் அப்சார்பர் போன்ற ஒரு சிலிண்டர், அதற்குள் எண்ணெய், எண்ணெய் புகுந்து போக ஒரு சிறு துளை. இரும்பு பிளேட் எதுவும் இல்லை. அண்டாத் தண்ணீரில் கையை மெல்ல ஓட்டினால் தண்ணீர் வழிவிடும், வேகமாக வீசினால் எதிர்க்கும் அல்லவா? அதே கதைதான். நீங்கள் எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு கனம். மெல்லத் தள்ளினால் கனமே இல்லை.

எட்டு மாதத்தில் உங்கள் உடம்பு ஒரு தாளத்துக்குப் பழகிவிட்டது. பாட்டின் வேகத்துக்குக் கை தானாகப் போய்வருகிறது, எதிர்ப்பும் அதே இடத்தில் நின்றுவிட்டது. ஆகவே முதலில் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். மார்புக்கு நேராகக் கைகளை முன்னால் தள்ளும் செஸ்ட் பிரஸ் மெஷினில் 30 விநாடிக்கு எத்தனை முறை? 9 என்றால், கை முழுசாகப் போய்வந்து 12 ஆக்குங்கள். கையைப் பாதி தூரம் மட்டும் நீட்டி 15 எண்ணுவது கணக்கில் வராது. சில மெஷின்களில் 1 முதல் 6 வரை திருகும் டயல் இருக்கும், 12 சுலபமானதும் ஒரு எண் ஏற்றுங்கள். மெஷினில் உட்கார்ந்து துப்பட்டாவைச் சரிசெய்து பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினாலே 30-ல் 8 விநாடி போய்விடும். அது நான்கில் ஒரு பங்கு.

இதற்கு மேலும் ஒரு குறை இருக்கிறது. அதைப் பெரும்பாலான ஜிம்கள் சொல்வதில்லை. ஹைட்ராலிக் மெஷினில் தள்ளும்போதும் எதிர்ப்பு, இழுக்கும்போதும் எதிர்ப்பு. எடையை மெல்ல இறக்கும் வேலை மட்டும் கிடையாது. தசை நீண்டுகொண்டே கனத்தைத் தாங்கும் அந்த வேலைதான் மறுநாள் வலியை உண்டாக்குவது. அது இல்லாததால்தான் இந்த ஜிம்மில் புதியவர்களுக்கு வலி குறைவு, பயமும் குறைவு. ஆனால் மாடிப்படி இறங்குவது, தரையில் உட்காருவது, குடத்தைச் சிந்தாமல் கீழே வைப்பது எல்லாம் அந்த 'இறக்கும்' வேலைதான். அதை மெஷின் பழக்கவில்லை.

ஆகவே தொடர விரும்பினால் வீட்டில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலி முன் நின்று, மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெல்ல உட்காருங்கள். இடுப்பு நாற்காலியைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். 8 முதல் 10 முறை, இரண்டு தடவை, வாரம் இரண்டு நாள். கடைசி ஒரு சாண் தூரத்தில் 'தொப்' என்று விழுகிறீர்களா என்று பாருங்கள். விழுந்தால் தொடைத் தசை அந்த இடத்தில் தாங்கவில்லை.

31 வயதில், உடம்பில் கோளாறு எதுவும் இல்லாமல், வலு கூட வேண்டும் என்பதே நோக்கம் என்றால் எங்கள் கருத்து வெளிப்படையானது: அந்த வட்டம் உங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. டம்பெல், பார்பெல் உள்ள ஜிம்முக்கு மாறுங்கள். மாற மனமில்லை என்றால் வாரம் இரண்டு நாள் சர்க்யூட், ஒரு நாள் டம்பெல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

வயது 58. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பி.பி.க்கு அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறேன். ஜிம்மில் நாடித்துடிப்பு எண்ணி அட்டையில் குறிக்கிறார்கள். என் துடிப்பு மட்டும் ஏறவே இல்லை, 'இன்னும் வேகமாகச் செய்யுங்கள்' என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, மதுரை

செய்யாதீர்கள் அம்மா. துடிப்பு ஏறாததற்குக் காரணம் உங்கள் மாத்திரை. அட்டெனலால், மெட்டோப்ரொலால், ப்ரொப்ரனலால் எல்லாம் பீட்டா பிளாக்கர் வகை. இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைப்பதே அவற்றின் வேலை. துடிப்பு எவ்வளவு ஏறலாம் என்று 220-லிருந்து வயதைக் கழித்துப் போடும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கே அது தோராயம்தான். உங்களுக்குப் 'பேச முடியணும், பாட முடியக் கூடாது' என்ற அளவுகோல்தான் சரி. இந்தப் பதிலைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், மாத்திரைப் பெயரை உங்கள் அட்டையில் எழுதவையுங்கள்.

பி.பி. உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு மூச்சை அடக்குவது. பல்லைக் கடித்து மூச்சை நிறுத்தித் தள்ளும் அந்த நொடியில் பி.பி. சட்டென்று ஏறும். 'தள்ளும்போது மூச்சை விடு, இழுக்கும்போது வாங்கு' என்பது இரண்டு பக்கமும் கனமுள்ள இந்த மெஷினில் குழப்பும். சுலபமான வழி, வாய்விட்டு எண்ணுங்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சத்தமாக எண்ணும் ஒருவரால் மூச்சை அடக்க முடியாது. சுற்று முடிந்ததும் சட்டென்று நிற்கவோ உட்காரவோ வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் மெல்ல நடந்தால் கிறுகிறுப்பு வராது. ஓய்வில் பார்க்கும்போதே பி.பி. 180/110-ஐத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி இல்லை, டாக்டரைப் பார்க்கும் நாள்.

முழங்காலுக்கு இந்த ஜிம் கெடுதல் இல்லை. தேய்மானத்துக்குத் தொடைத் தசை வலுவாவதுதான் முதல் மருந்து. பலகையில் குதிக்காமல், ஒரு கால் எப்போதும் பலகையில் இருக்கும்படி நடங்கள். காலால் தள்ளும் லெக் பிரஸ், முழங்காலை மடக்கி எழும் ஸ்குவாட் மெஷினில் வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். பாதித் தூரம் போனாலும் பலன் உண்டு. வலிக்கு 10-க்கு எத்தனை மதிப்பெண் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலை எழும்போது வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் வீங்கியிருந்தால், முந்தின நாள் எந்த மெஷின் புதிது அல்லது எதில் வேகம் கூட்டினீர்கள் என்று பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் அதுதான்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள்.

மூன்று மாதத்தில் 8 கிலோ குறைக்கிறோம் என்று சொல்கிறார்கள். என் எடை 65 கிலோ. நடக்குமா?
– வாசகி, தாம்பரம்

கணக்குப் போட்டுவிடுவோம். 65 கிலோ எடையுள்ளவர் இந்த வகைச் சுற்றில் அரை மணி நேரத்துக்குச் செலவிடுவது சுமார் 115 முதல் 140 கலோரி. ஒரு மெதுவடையில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். வாரம் 3 நாள், 12 வாரம், மொத்தம் 36 தடவை. அதிகபட்சமாக வைத்தாலும் 5,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. மூன்று மாத ஜிம், அதனால் மட்டும் ஒரு கிலோகூடக் குறையாது.

8 கிலோ குறைய வேண்டுமென்றால் தினமும் 680 கலோரிக்கு மேல் குறைக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தட்டிலிருந்துதான் வர வேண்டும். 8 கிலோ என்று வாக்குக் கொடுப்பவர் ஒன்று உங்களைப் பட்டினி போடப்போகிறார், இல்லையென்றால் அடுத்த வாரம் பவுடர் டப்பா விற்கப்போகிறார். மூன்று மாதத்தில் 3, 4 கிலோ குறைந்து, அது திரும்பி வராமல் இருந்தால் அதுவே நல்ல வேலை.

அப்புறம் ஜிம் எதற்கு? எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், தசையைக் காப்பதுதான் ஜிம்மின் வேலை. அதனால் எடை மெஷினைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. புரதமும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு தினமும் 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை, உங்களுக்கு 54 கிராம். முட்டை ஒன்றுக்கு 6, வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமுக்கு 8 என்று கூட்டிப் பாருங்கள். இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று போகும் நாளில் பாதியைத் தாண்டுவதே கஷ்டம்.

சிசேரியன் ஆகி நான்கு மாதம். பலகையில் குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஜிம்மை நிறுத்திவிடவா?
– வாசகி, நாகர்கோவில்

நிறுத்த வேண்டாம், குதிப்பதை மட்டும் நிறுத்துங்கள். பிள்ளை பெற்ற ஏராளமான பெண்களுக்கு இருக்கும் தொந்தரவு இது. கர்ப்பகாலச் சுமையை மாதக்கணக்கில் தாங்கிய இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகள்) இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை. வயிற்றைக் கீறி எடுத்த பிரசவம் என்பதால் அவை தப்பிவிடுவதில்லை.

சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்துப் பிடியுங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது. 5 விநாடியில் ஆரம்பித்து 10 வரை கொண்டுபோங்கள். ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பயிற்சி செய்யாதீர்கள், அது வேறு தொந்தரவில் கொண்டுவிடும்.

வயிற்றுத் தசை பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் வைத்துப் பாருங்கள். பக்கம் பக்கமாக வைத்த இரண்டு விரலுக்கு மேல் உள்ளே இறங்கினாலோ, நடுவயிறு கூரை போலக் கூம்பி எழுந்தாலோ, வயிற்றுக்கான மெஷினையும் இடுப்பைத் திருப்பும் மெஷினையும் தாண்டிப் பலகைக்குப் போய்விடுங்கள். மற்ற மெஷின்கள் செய்யலாம். கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் இருந்தால் மகப்பேறு டாக்டரையோ, பெண்கள் நலம் பார்க்கும் பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஜிம்முக்குப் போனால் மார்பில் கனம் இருக்காது.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறேன். காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் போகலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிதாகப் பயமில்லை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக் கூடியவை. முதல் இரண்டு வாரம் போகும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழ் என்றால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு, பத்து பதினைந்து நிமிடம் கழித்துப் போங்கள். 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்று வேண்டாம்.

பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும். கை நடுக்கம், குளிர் வியர்வை, பசி, தடுமாற்றம் வந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மாத்திரை வேளையை நீங்களாக மாற்றாதீர்கள். 'காலையில் பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன்' என்று டாக்டரிடம் சொன்னால் அவரே அளவைப் பார்ப்பார். சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்திருந்தால் கண் டாக்டர் அனுமதி இல்லாமல் போகவே வேண்டாம்.

சுடிதாரில் செய்யலாமா? தாலியைக் கழற்ற மாட்டேன்.
– வாசகி, சேலம்

கழற்ற வேண்டாம். சங்கிலியை டாப்புக்குள் விட்டு, மேலே ஒரு பின் குத்திக்கொள்ளுங்கள். கைப்பிடி மார்புக்கு நேராக வரும் மெஷின்களில் வெளியே தொங்கும் சங்கிலி மாட்டிக்கொள்ளும். சுடிதார் சரி, டாப் முழங்காலுக்கு மேல் இருக்கட்டும். துப்பட்டாவை லாக்கரில் வைத்துவிடுங்கள், அது மட்டும் கண்டிப்பு. வளையல், தொங்கட்டான் வேண்டாம். மெட்டி ஷூவுக்குள் விரலை அழுத்தினால் மெல்லிய காட்டன் சாக்ஸும் விரல் பக்கம் அகலமான ஷூவும் போதும். வெறுங்காலோடும் ஹவாய் செருப்போடும் பலகையில் ஏறாதீர்கள்.

மாதவிலக்கு நாட்களில்?
– வாசகி, திண்டுக்கல்

போகலாம். வலியோ ரத்தப்போக்கோ அதிகமாக இருக்கும் நாளில் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 67 வயது. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் மைனஸ் 2.7 வந்திருக்கிறது. சேர்க்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

மைனஸ் 2.5-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து சுலபமாக உடையும் நிலை. முதலில் எலும்பு டாக்டர் மருந்தை முடிவு செய்யட்டும். ஜிம்மில் சேர்க்கலாம், ஆனால் இரண்டு அசைவுகள் அம்மாவுக்கு ஆகாது. கனத்தோடு முன்னால் குனிவது ஒன்று, இடுப்பைத் திருப்புவது இன்னொன்று. வயிறு-முதுகு மெஷினும் பக்கவாட்டில் திருப்பும் மெஷினும் அவர் அட்டையில் சிவப்பு மையால் அடிக்கப்பட வேண்டும். முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து அங்கேதான்.

பலகை மெத்தென்று அசையும் இடமாக இருந்தால், சுவரோரமாகப் பிடித்துக்கொள்ள வசதியுள்ள பலகையில் மட்டும் நிற்கவையுங்கள், அல்லது பக்கத்தில் தரையிலேயே நடக்கட்டும்.

உட்கார்ந்தபடி எண்ணெய் சிலிண்டரைத் தள்ளுவது தசைக்கு நல்லது, எலும்புக்கு அவ்வளவாகப் போதாது. எலும்பு வலுவாக, நின்ற நிலையில் உடம்பின் கனம் அதன் மேல் இறங்க வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 முறை, ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்பது மூன்று முறை, இவற்றை வீட்டில் வாரம் மூன்று நாளாவது சேர்த்துச் செய்யட்டும்.

முன்னேற்றம் பார்க்க ஒரு எளிய சோதனை. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழ் என்றால் சராசரியைவிடக் குறைவு, விழும் ஆபத்து உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக் காலண்டரில் எழுதிவையுங்கள்.

ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம். கட்டலாமா?
– வாசகி, வேலூர்

முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். உதாரணத்துக்கு மாதம் 1,500, வருஷம் 12,000 என்றால், எட்டு மாதத்துக்கு மேல் தவறாமல் போனால்தான் வருஷக் கட்டணம் உங்களுக்கு லாபம். பரீட்சை, திருவிழா, ஊர்ப்பயணம் எல்லாம் கழித்து நீங்கள் எட்டு மாதத்துக்கு மேல் போவீர்களா என்பதை முதல் மூன்று மாத வருகைப் பதிவே சொல்லிவிடும்.

கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: உடம்பு சரியில்லாவிட்டால் எத்தனை நாள் நிறுத்திவைக்கலாம், கிளை மூடினால் மீதிப் பணம் எப்படி வரும், வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா. வாய்வார்த்தை எதுவும் நிற்காது. ரசீது அவசியம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம்களுக்கு 18 சதவீதம் 5 ஆகக் குறைந்துவிட்டது. பழைய 18 போட்டுப் பில் வந்தால் கேளுங்கள். பேசித் தீராத புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

எங்கள் ஊரில் இப்படி ஜிம்மே கிடையாது. வீட்டில் செய்ய வழி உண்டா?
– வாசகி, அறந்தாங்கி

உண்டு. கூடத்தில் ஆறு இடம் வகுத்துக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழுவது. இரண்டாவது, சுவரில் கை ஊன்றி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது. மூன்றாவது, மஞ்சப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்து, மேஜையில் ஒரு கை ஊன்றி, முதுகை நேராக வைத்து மறு கையால் இடுப்புவரை இழுப்பது. சுற்றுக்கு ஒரு கை. நான்காவது, வாசல்படியில் முன்பாதம் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி மெல்ல இறக்குவது. ஐந்தாவது, கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் பாட்டில்களைத் தோளிலிருந்து தலைக்கு மேல் தூக்குவது. ஆறாவது, பாயில் மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி இறக்குவது.

ஒவ்வொன்றும் 40 விநாடி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 40 விநாடி நின்ற இடத்தில் நடை. ஒரு சுற்று 8 நிமிடம், மூன்று சுற்று 24 நிமிடம். செல்போனில் 40 விநாடிக்கு ஒருமுறை மணி அடிக்கும் டைமர் இலவசமாகக் கிடைக்கும். முதல் வாரம் ஒரு சுற்று, இரண்டாம் வாரம் இரண்டு, அப்புறம் மூன்று. முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும். வீட்டுச் சுற்றில் 'இறக்கும்' வேலை இருப்பதால் அது இயல்பு. ஒவ்வொரு தடவை வரும் வலியும் இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

தலைக்கு மேல் தூக்குவது 15-ஐத் தாண்டிவிட்டால் தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே பாட்டிலில் உலர்ந்த மணலை நிரப்புங்கள். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிடும். மூடியை இறுக்கி அதன் மேல் ஒரு சுற்று டேப் ஒட்ட மறக்காதீர்கள்.